சபரிக்கு ஆறு மாதம்

"வக்கீல் வேண்டாமுங்க," என்றாள் வசந்தாமணி.

சேனாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

பையன் சபரிக்குப் பத்தொன்பது வயது. நியூஜெர்சியில் இருபத்தொன்று ஆகாமல் பியரைத் தொடக் கூடாது. இவன் தொட்டான். அதுவும் சிநேகிதனோடு, நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து. போலீஸ் வந்து கண்ணாடியைத் தட்டிவிட்டது. அடுத்த வாரம் கோர்ட். லைசென்ஸ் ஆறு மாதம் போய்விடும்.

"நாகரத்தினத்துக்குத் தெரிஞ்ச வக்கீலாம். கேஸை ஒண்ணுமில்லாமப் பண்ணிடுவாராம்," என்று சிநேகிதரைக் கூப்பிடச் சேனாபதி போனைக் கையில் எடுத்தார்.

"தப்புப் பண்ணீட்டான். அனுபவிக்கட்டும்."

"நீயெல்லாம் ஒரு தாயா? ஏண்டா, நீயாவது சொல்லு. வக்கீல் வெக்கலாமா?"

"நோ, அப்பா. ஐ டிட் இட்." சபரி ஷூ லேஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வந்துட்டான் அரிச்சந்திரன்! குடிக்கிறப்ப எங்கடா போச்சு இந்த நியாயம்? காலேஜுக்கு எப்படிப் போவே?"

"பஸ்."

"கொட்டற பனியிலயா?"

"ஐ ஹேவ் பூட்ஸ்."

வசந்தாமணி சிரிப்பை அடக்கிக்கொள்வது தெரிந்தது. சேனாபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மாவுக்கும் மகனுக்கும் விளையாட்டாப் போச்சு! சனிக்கிழமை நாகரத்தினம் வீட்ல எல்லாரும் கூடறோம். திரும்பி வர்றப்ப வண்டியை யாரு ஓட்டறது? உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

வாராவாரம் நடக்கிறதுதான். நாலு ரவுண்டு உள்ளே போனதும் சேனாபதி சாவியைச் சபரியிடம் வீசிவிட்டுப் பின் சீட்டில் சாய்ந்துவிடுவார். பையன் ஒரு சொட்டுத் தொடாமல் காத்திருந்து வீடு கொண்டுவந்து சேர்ப்பான்.

"அப்ப யாருதான் ஓட்டறது?"

"நீங்கதானுங்க."

"நான் எப்படிடீ ஓட்..."

பாதியில் நின்றார். மனைவியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

சபரி எழுந்து வந்து, அவர் கையிலிருந்த போனை மெல்ல வாங்கி வைத்தான். தமிழ் பேசினால் அவனுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஆனாலும் பேசினான்.

"குடிச்சா லிவர் போயிடும்னு டாக்டர் சொன்னார். நீங்க கேக்கல. ஜட்ஜ் சொன்னா கேப்பீங்கல்ல, அப்பா?"