நேர்ந்துவிட்ட தலைமுடி

“நேர்ந்துக்கிட்டது நீ. அப்ப உன் முடியக் குடு. அண்ணன் தலைய நேர்ந்துவிட நீ யாரும்மா?”

ஆறுமுகத்தாய் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா முப்பிடாதியம்மாள் முடியைக் கட்டி அனுப்ப மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள்.

1964 ஜூன். பம்பாய்த் தாராவியில் அவர்கள் குடியிருந்த சாலில், அந்த வரிசை வீடுகளில், முதல்முறையாக ஒரு பெண் பி.ஏ. பாஸ் பண்ணியிருந்தாள். ஆறுமுகத்தாயின் நம்பர் பேப்பரில் வந்த மறுநாளே ஊர்ச்சங்கத் தலைவர் கணேசபாண்டியன் பேடா டப்பாவோடு வந்துவிட்டார்.

“தங்கச்சிக்காரி பாஸாயிட்டா. அப்புறமென்ன மதினி, வர்ற வெள்ளிக்கிழமை தளவாய்க்கு முடி எறக்கிருவோம். இங்கன நம்ம கோயில்லயே எறக்கி, முடியத் திருச்செந்தூருக்கு அனுப்பிரலாம். நேர்ந்ததத் தள்ளிப் போடக் கூடாது.”

“சரி” என்றாள் அம்மா. பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சித்தப்பா, தங்கச்சி எம்.ஏ.வும் முடிக்கட்டுமே” என்று அண்ணன் தளவாய்தான் மெல்லச் சொன்னான்.

“ஏல, சாமிகிட்டயே பேரம் பேசுதியா?” என்று அவர் சிரித்தார்.

தளவாய்க்கு இருபத்தாறு வயது. தையல் பட்டறையில் வேலை. தங்கை பி.ஏ. பாஸ் பண்ணும்வரை முடி எடுப்பதில்லை என்று அம்மா நேர்ந்ததிலிருந்து, நாலு வருஷமாக அவன் விரதக்காரன். இடுப்புவரை முடியா? விரதம். முகத்தில் இழைத்துப் பூசிய மஞ்சளா? விரதம். காதோரம் பிச்சிப்பூவா? சாமி பூ. உடம்பைப் பிடித்தாற்போல் அவனே தைத்துப் போட்டுக்கொண்ட மஞ்சள் சட்டையைக்கூட யாரும் ஏன் என்று கேட்டதில்லை. விரதக்காரனுக்கு யாரும் பெண் பேசியும் வரவில்லை.

அவர்களுடைய ஒற்றை அறைக் கோலியில் யாருமில்லாத ஒரு மத்தியானம், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் கண்ணாடி முன் நின்றதை ஆறுமுகத்தாய் பார்த்திருக்கிறாள். வேறு எங்கும் அவன் முகம் அப்படி இருந்ததில்லை. சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள், அதை மட்டும் அவனிடம் கேட்டதே இல்லை.

முடி இறங்கிவிட்டால் விரதம் முடிந்தது. மஞ்சளும் இல்லை, பூவும் இல்லை, அந்தச் சட்டையும் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பலகை போட்டிருந்தார்கள். தளவாய் உட்கார்ந்தான். சவரக்காரர் கத்தியைத் தீட்டினார்.

“என் மவளுக்குக்கூட இந்த நீளம் கெடையாது. முருகனுக்குக் குடுத்து வச்சிருக்கு” என்றாள் பக்கத்துக் கோலி கோமதியம்மாள். பெண்கள் சிரித்தார்கள்.

“எறங்கட்டும், எறங்கட்டும். அடுத்து கல்யாணந்தான்” என்றார் கணேசபாண்டியன். “டோம்பிவிலில ஒரு பொண்ணு இருக்கு. சொல்லி வச்சிட்டேன்.”

“வேண்டாம்மா” என்றான் தளவாய். தலை குனிந்தபடியே சொன்னான்.

ஆறுமுகத்தாயால் பொறுக்க முடியவில்லை. “அவன் வேண்டாங்கான், யாருக்கும் காது கேக்கலியா? நான் ராவும் பகலும் படிச்சுப் பாஸ் பண்ணினேன். முருகன் வந்தா பரீட்சை எழுதினான்? அவன் முடி, அவன் இஷ்டம்.”

“ஏட்டி, படிச்சா சாமி இல்லன்னு ஆயிருமா?” கணேசபாண்டியனுக்குச் சிரிப்பு போய்விட்டது. “அவன் இஷ்டமா? சாமிக்குன்னுதான இம்புட்டு நாள் சும்மா இருந்தோம். சாமிக்கு இல்லன்னா, ஆம்பளப் பய எதுக்கு இப்படிப் பொம்பள மாதிரி வளத்துக்கிட்டுத் திரியுதான்?”

எல்லார் கண்ணும் தளவாய்மேல் போனது. மஞ்சள் முகம், காதோரப் பூ, சட்டை என்று ஒவ்வொன்றாக, அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அம்மா முன்னால் வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் மகன் தலையைப் பிடித்து அழுத்தினாள்.

“சாமிக்குத்தான். அவ கெடக்கா. நீங்க கத்திய வையிங்கய்யா.”

முடி அம்மாவின் மடியில்தான் விழுந்தது. அவள் அழக்கூட இல்லை. ஆறுமுகத்தாய்க்கு அதுதான் தாங்கவில்லை. கல்லுக்கு முன்னால் இன்னொரு கல் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தளவாய் முகத்தைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான். மூலையில் உட்கார்ந்து, மஞ்சள் சட்டையின் இடுப்புத் தையலைப் பிளேடால் பிரிக்க ஆரம்பித்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

“திருப்தியா?” ஆறுமுகத்தாய் அம்மாவை வெளியே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “உன் சாமிக்கு வயிறு நெறஞ்சிருக்குமே. இனிமே அவன் எப்படி இருப்பான்னு ஒரு நிமிஷம் நெனச்சியா? அப்படி என்னத்தத்தான் கேட்ட அந்தச் சாமிகிட்ட?”

அம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். குடத்தை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

“நான் எந்தச் சாமிகிட்டயும் ஒண்ணும் கேக்கல. நாலு வருஷத்துக்கு முன்னால, அவன் முடி கழுத்தத் தொட்டப்ப, இதே எடத்துல வச்சு எல்லாரும் அவன இன்னைக்குப் பாத்த மாதிரித்தான் பாத்தாவ. சாமிக்கு விட்டிருக்குன்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன். எப்ப எறக்குவன்னு கேட்டாவ.”

“அதுக்கு என் பரீட்சைதான் கெடச்சுதா?”

குடம் நிறைந்து வழிந்தது. அம்மா குழாயை மூடவில்லை.

“இந்தச் சால்ல எந்தப் பொட்டப்புள்ள பத்தாவது தாண்டியிருக்கு? நடக்கவே நடக்காததா ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு. நீ பாஸாவேன்னு நான் நெனைக்கவே இல்ல தாயி.”