ஈயம் இல்லாத விளக்கு

வாசல் கதவு திறந்ததும் குழந்தை, "அம்மா" என்று ஓடியது.

"தொடாதே." மருமகள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, சுவரோரமாக நழுவிக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள்.

குழந்தை கதவைத் தட்டித் தட்டி அழுதது. மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த பிள்ளையைத் தொடறதுக்கு முழுகிட்டு வர்றவளை இப்பத்தான் பார்க்கறேன்."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம்தான் பதில். ஒன்றரை மாதமாக இதே கூத்து. துணியைக்கூடத் தனியாகத் துவைத்துக்கொள்கிறாள்.

தன் வீட்டுக்குப் போகிற வழியில் மாமியாரின் மகளும் எட்டிப்பார்த்தாள். அண்ணி, நாத்தனார் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. வெள்ளை விளக்குக்கான பெரோவ்ஸ்கைட் என்னும் ஒளிரும் பொடியை ஈயம் கலக்காமலே பளிச்சென்று எரியவைக்கும் ஆராய்ச்சி. மகள் வந்ததும் வராததுமாகக் குழந்தையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

மாமியார் குளியலறைப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அத்தைக்கு இருக்கிற பாசம் ஆத்தாளுக்கு இல்லை."

மேசையில் மருமகளின் போன் அடித்தது. மாமியாரே எடுத்தாள். யாரென்று கேட்காமலே, "ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்குக் காலையில வந்துடுங்க" என்றது ஒரு குரல்.

தனித் துணி. தொடாதே. இப்போது ரத்தம். ஒட்டிக்கொள்கிற வியாதி ஏதாவதோ? இவள் கையால்தானே குழந்தை சாப்பிடுகிறது?

"ஏண்டி, உன் அண்ணிக்கு என்ன வியாதி? மறைக்காம சொல்லு."

"வியாதியெல்லாம் இல்லம்மா. ஈயம் உடம்புல ஏறியிருக்கான்னு பார்ப்பாங்க."

"ஈயமே இல்லாத விளக்குன்னு ரெண்டு பேரும் பீத்திக்கிட்டீங்களே?"

"அது எவ்வளவு மங்கல்னு தெரிய, ஈயம் போட்டதைப் பக்கத்துல வச்சுத்தானே பார்க்கணும்? நாங்க புதுசா ஒண்ணு செய்யும்போதெல்லாம், ஈயப் பொடியையும் ஒருத்தர் அரைச்சாகணும்."

"அதுக்குப் பிள்ளைக்காரிதான் கிடைச்சாளா? வேற ஆளே இல்லையா?"

"இருந்தேன், நான்தான். அது என் வேலைம்மா."

மகள் குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"மூணு மாசம் தாண்டட்டும்னு உன்கிட்டகூட இன்னும் சொல்லலை. நாள் தள்ளிப்போயிருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே, 'உனக்கு ரெண்டு தடவை கலைஞ்சது போதும்'னு, என் மேசையில இருந்த ஈயத்தை அண்ணி தன் மேசைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."