படிப்பு திரும்பும் நேரம்

நாட்டில் பணமுடை வந்து, கோகிலவாணி வேலை பார்த்த உணவுக் கம்பெனியை இழுத்து மூடியபோது வங்கி ஒரு சலுகை தந்தது. நிலைமை சீராகும்வரை கல்விக்கடன் தவணை கட்ட வேண்டாம். அதற்கு ஈடாக, அவள் படித்த படிப்பு அதுவரை வங்கியின் வசம் இருக்கும். அவள் சம்மதித்தாள். உணவுப் பாதுகாப்புப் படிப்பு முழுவதும் அவள் தலையிலிருந்து இறங்கிப் போனது.

அவள் கணவன் சர்வேஷுக்குத்தான் யோகம் அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து ரோட்டோரத்தில் எதையும் வாயில் வைக்க விடாதவள், இப்போது சாயங்காலமானால் தானே அவனைக் காந்திபுரம் காளான் வண்டிக்கு இழுத்துப் போனாள்.

அன்றும் தட்டோடு நின்றபோது அவள் போன் சிணுங்கியது. 'நிலைமை சீரடைந்தது. ஏழு மணிக்கு உங்கள் படிப்பு திரும்பும். தவணையும் தொடங்கும்.'

"ஏனுங்க, மணி என்னங்க?"

"ஏழாகப் போகுது கண்ணு" என்ற சர்வேஷ், அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான்.

ஏழானது. கோகிலவாணியின் புருவம் சுருங்கியது. சிவந்த மசாலாவையும் கடாய் எண்ணெயையும் வண்டிக்காரரின் கைத்துண்டையும் உற்றுப் பார்த்தாள். சர்வேஷ் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"இதுல காளானே இல்லீங்க, அத்தனையும் முட்டைக்கோசு. கலர்ப்பொடி வேற. எண்ணெய் நேத்து ஊத்துனது."

"செரி, கெளம்பலாமா?"

"இருங்க" என்றவள் தன் காலித் தட்டை வண்டிக்காரரிடம் நீட்டினாள். "அண்ணா, இன்னொரு தட்டுங்க. வெங்காயம் கொஞ்சம் தூக்கலா!"