வழி கேட்ட மேகங்கள்

என்ஜின் இல்லாத கிளைடரில் எழுநூறு கிலோமீட்டர் பறந்தவன் நான். போகிற வழியில் இரண்டு மேகங்கள் என்னை மறித்துப் பாதை கேட்டன. இந்தக் குளிர்தேசத்து நோத்ர-டாம்-த-கிரேஸ் அடுக்குமாடியில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி இதை நூறாவது தடவையாகச் சொல்கிறேன். மாசி மாத வெயில் போர்வையில் விழுகிறது, சூடே இல்லை. மூலையில் ஒட்சிசன் மெஷின் உறுமுகிறது. "மலையில மோதின காற்று மறுபக்கம் அலையாய் எழும்பும். அதில ஏறினால் இருபதினாயிரம் அடி. அங்கேயும் மூக்கில இதே குழாய்தான்," என்கிறேன். கதிரையில் ரதீசன் தோடம்பழம் உரிக்கிறான். அன்றைக்கு நான் இறங்கின வயலுக்குக் காரோட்டி வந்து ஏற்றிப்போனவன் அவன்தான். ஆனாலும் முப்பது வருடமாக ஒரே பதில்: "புளுகாதேங்கோ அண்ணை." அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். காலையில் வந்த டொக்டர், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அவனிடமும் சொல்லிவிட்டுப் போனார். "மேகம் ரெண்டுக்கும் யாழ்ப்பாணம் வரைக்கும் வழி சொல்லி விட்டனான்," என்று கொஞ்சம் கூட்டிவிட்டு அவன் வாயையே பார்க்கிறேன். அவன் கையில் பழத்தோல் அறாமல் நீளமாகச் சுருண்டு தொங்குகிறது. அவன் நிமிரவில்லை. "ஓம் அண்ணை," என்கிறான். "ரெண்டும் வழி கேட்டதுகள்தான். நான் கீழ நிண்டு பார்த்தனான்."