நேர்ச்சைக் கொள்ளு

ஐம்பத்தெட்டரை.

ஜோஸ்பின் இஞ்ச் டேப்பை உருவி, குதிரையின் முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை மறுபடியும் சுற்றிப் பிடித்தாள். டேப் பொய் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தேழுதான் இருந்தது.

வெள்ளை மட்டக்குதிரை. கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமக்கும். வெள்ளைக் குதிரையேறி வரும் புனிதர் சந்தியாகப்பரின் திருவிழாவில் தேருக்கு முன்னால் கொடியோடு நடக்கும். மற்ற நாளெல்லாம் அதற்கு ஒரே வேலைதான், பருப்பது. பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் சதை போடுகிற உடம்பு.

போன வருஷம் தீனி மிஞ்சி, முன்னங்குளம்புகள் இரண்டும் கொதித்து, இரண்டு மாதம் நகர முடியாமல் நின்றது. இன்னொரு தடவை வந்தால் எலும்பு குளம்புக்குள் இறங்கிவிடும், ஊசி போட்டு அனுப்பிவைப்பதைத் தவிர வழியில்லை என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தொழுவத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். கொள்ளு கிடையாது, தவிடு கிடையாது, வெல்லத்தைக் கண்ணில்கூடக் காட்டக்கூடாது. நாளுக்கு நாலு கிலோ காய்ந்த புல்லை நிறுத்து, சர்க்கரைச் சத்து இறங்க ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, பழைய மீன்வலையில் கட்டித் தொங்கவிடுவாள். வலைக்கண் வழியாக ஒவ்வொரு இணுக்காகத்தான் அது பிடுங்கித் தின்ன வேண்டும். வெளியே அவிழ்த்தால் மாட்டுக்குப் போடும் வாய்க்கூடை. புருஷன் லியோன்கூட அவளைக் கேட்காமல் ஒரு பிடி புல் போட்டதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறாள் என்றது. பிசினாறி என்றது.

திருவிழா வந்துவிட்டால் இன்னும் கேவலம். சந்தியாகப்பர் குதிரைக்கு நேர்ச்சை என்று ஆளுக்கொரு படி ஊறவைத்த கொள்ளோடு வந்து நிற்பார்கள். காய்ச்சல் போனால் கொள்ளு, பையன் பாஸானால் கொள்ளு, போர்வெல்லில் தண்ணீர் வந்தால் கொள்ளு. புண்ணியம் அவர்களுக்கு, கால் போவது இதற்கு. அதனால்தான் இந்த வருஷம் கொடியேற்றத்தன்றே வாசலில் நின்று எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் துரத்தியிருந்தாள்.

அப்படியும் ஒன்றரை இஞ்ச்.

குதிரையின் வாயைப் பிளந்து விரலை விட்டாள். கடைவாயில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியது. வழித்தெடுத்துப் பார்த்தாள். கொள்ளுத்தோல், கூடவே வெல்லப்பாகு. புளித்த எச்சில் நாற்றம் குப்பென்று அடித்தது.

குனிந்து முன்னங்குளம்பில் உள்ளங்கையை வைத்தாள்.

இளஞ்சூடு. நேற்று இது இல்லை.

அப்போதுதான் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி வந்தாள், கையில் வாளியோடு. ஜோஸ்பின் இந்நேரம் பாப்பிரெட்டிப்பட்டியில் தையல் கடையில் இருப்பாள் என்று நினைத்து வந்தவள். கரண்ட் இல்லையென்று அவள் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பியது பாக்கியமேரிக்குத் தெரியாது.

வாளியைப் பார்த்ததும் குதிரை கனைத்தது. வெட்கங்கெட்ட கனைப்பு.

ஜோஸ்பின் வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். தரையில் சரிந்த கொள்ளைக் காலால் மண்ணோடு மண்ணாகத் தேய்த்தாள். ஒரு உயிரைக் கொன்று கும்பிடுகிற அளவுக்கு அப்படி என்ன நேர்ச்சை, அப்படி என்ன சாமி என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

பாக்கியமேரிக்குக் கோபம் வரவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கா நேந்துக்கினேன்? உனக்குத்தான் ஜோஸ்பினு. கண்ணாலமாயி பதினோரு வருசமாச்சி, வவுத்துல ஒண்ணும் தங்கலியேன்னு தெருவே சேந்து நேந்துக்கினோம். நவநாளு ஒம்போதும், வூட்டுக்கு ஒரு நாளு. நாளைக்கி செல்லி வூட்டு முறை, அதோட முடியுது.”

செல்லி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவள்கூடவா?

ஜோஸ்பினுக்கு உடம்பு கூசியது. எட்டு வீட்டுச் சட்டிகளில் கொள்ளோடு சேர்ந்து தன் வயிறும் ஊறியிருக்கிறது. தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், எங்கெல்லாம் அதை வைத்துப் பேசினார்களோ. இவர்களுடைய இரக்கத்தைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

குதிரை கழுத்தைத் தாழ்த்தி, மண்ணில் கிடந்த கொள்ளை நக்கத் தொடங்கியது. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும்.

இழுக்கவில்லை.

“நாளைக்கி ஒரு கைப்பிடி போதும்னு செல்லிகிட்ட சொல்லுங்கக்கா.”

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது அவளுக்கு.