வெள்ளைக் கைக்குட்டை

“வேர்த்துச்சு. தொடைச்சேன்,” என்றார் தலைவர்.

விசாரணை அறையின் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போட்டி நடந்த அன்று ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியது.

தலைவர் என்பது இப்போது பழக்கதோஷம்தான். தடகளச் சங்கம் அவரை விலக்கி வைத்து வாரக்கணக்காகிறது.

நீளம் தாண்டும் குழியில் மணலைச் சமன் செய்யும் கூலியாளாக மைதானத்துக்குள் நுழைந்தவர் அவர். ஆள் பிடித்து, ஆள் கவிழ்த்து, சங்கத்தின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் அவர் வைத்ததுதான் சட்டம். பிடிக்காத பயிற்சியாளர்களைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார். வெளிநாட்டுப் போட்டிகளுக்கு வீரர்களைவிட அவருடைய மச்சான்கள்தான் அதிகம் போய் வந்தார்கள். சரியான ஓடுதளம் போட்டுக் கொடுத்ததும் அவரே, அதையும் சொல்லத்தான் வேண்டும். மனுஷன் கொடிகட்டிப் பறந்தார்.

விழுந்ததும் ஒரு கொடியால்தான்.

நீளம் தாண்டுதலில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு நடுவர் இரண்டு கொடிகளோடு உட்கார்ந்திருப்பார். கால் பலகையைத் தாண்டிப் பதிந்தால் சிவப்பு. இல்லையென்றால் வெள்ளை.

இறுதிப் போட்டியில் தலைவரின் மகள் தன் கடைசித் தாவலைத் தாவினாள். நடுவர் குனிந்து பலகையைப் பார்க்கவில்லை. அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கப்படி, முதலில் தலைவரின் முகத்தைப் பார்த்தார்.

தலைவரின் கையில் வெள்ளைக் கைக்குட்டை.

நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டார்.

தடம் இருந்ததா இல்லையா என்று யாரும் பார்ப்பதற்குள் பலகையைத் துடைத்தாயிற்று. மகளுக்குத் தங்கம். இரண்டாவதாக வந்த பெண்ணின் அண்ணன் எடுத்த வீடியோவில் பலகை தெரியவில்லை, கைக்குட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஊர் சிரித்தது.

தலைவர் வாயே திறக்கவில்லை, நான்தான் அதை உத்தரவு என்று நினைத்துக்கொண்டேன் என்று நடுவர் காலையிலேயே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாயைத் திறக்காமலே உத்தரவு போடுகிறவர்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

விசாரணை நடத்திய நீதிபதியம்மா பொறுமைசாலி. மகளின் பதக்கத்தில் கைவைக்க முடியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கால் தாண்டியதைக் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. அப்படி யாராவது வந்தால்தான் அதைப் பறிக்க முடியும். இப்போது கேள்வி தலைவரைப் பற்றி மட்டும்தான். கைக்குட்டையை எடுக்க வேறு காரணம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இதுதான் கடைசி வாய்ப்பு என்றார்.

தலைவர் மறுபடியும் வேர்வை என்றார்.

அதற்குமேல் அந்த அம்மாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆயுளுக்கும் தடை. இனி எந்த மைதானத்திலும் அவர் கால் வைக்கக் கூடாது. மணல் அள்ளக்கூட.

வாசலில் மகள் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் தோளைத் தொடப் போனார். அவள் நகர்ந்துகொண்டாள்.

“நான் நெஜமாவே ஜெயிச்சேன்ப்பா. நீங்க எதுக்குப்பா நடுவுல வந்தீங்க?”

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

அன்று குழியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியிலிருந்து, மகளின் கட்டைவிரல் பலகையைத் தாண்டிப் பதிந்ததை அவர் பார்த்துவிட்டார். பிள்ளையின் இத்தனை வருட உழைப்பும் போயிற்றே என்று, அத்தனை பேருக்கு நடுவில் அவருக்குப் பொலபொலவென்று வந்துவிட்டது.

கைக்குட்டையை எடுத்தது கண்ணைத் துடைக்க.