இரண்டு முடிச்சுகள்

"உங்க முடிச்சும் என் முடிச்சும் ஒண்ணா, வேறயா?"

கிளாஸ்கோவில் லோகன் வாடகைக்கு இருந்த வீட்டுச் சிறுமி ஐலா, அவர் போட்ட முடிச்சைப் பார்த்து இடது கையால் இடம் வலம் மாறி முடிந்த கயிற்றை நீட்டிக் கேட்டாள். "ஒண்ணுதான், போய் விளையாடு" என்றார் அவர்.

ஆனால் கேள்வி அவரை விடவில்லை. நுனிகளை ஒட்டிவிட்டால், வெட்டாமல் ஒன்றை மற்றதாக மாற்றவே முடியாது என்று பின்னாளில் நிறுவினார். 'லோகன் தேற்றம்' அவரைப் பேராசிரியர் ஆக்கியது. சிறுமியைப் பற்றி அவர் எங்கும் எழுதவில்லை.

1912. வடக்குக் கணிதச் சங்கத்தின் செயலாளர் மக்ரே தேநீர் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். சங்க இதழுக்கு வரும் கட்டுரைகளை லோகன்தான் மதிப்பிடுவார். மதிப்பிட்டவர் பெயரைச் சங்கம் வெளியே சொல்லாது.

"அந்த ஐ. ரென்னி அனுப்பினதைப் படிச்சீங்களா, புரொபசர்? உங்க நிரூபணத்துல ஓட்டையாம், அதைத் தானே அடைச்சுட்டானாம். பொடிப்பய, எழுதியிருக்கான் பாருங்க."

"படிச்சேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தாகூட அதுதான் கண்ணு முன்னாடி நிக்குது."

"படம் வரையவே தெரியல அவனுக்கு. அத்தனை முடிச்சும் இடம் வலமா மாறிக் கிடக்கு. அடுத்த மாசம் இந்தத் தேற்றத்துக்குத்தானே உங்களுக்குப் பதக்கம்? பேசாம நிராகரிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"கடவுளுக்குத் தெரியுமே, மக்ரே."

மக்ரே பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "அவரு நம்ம இதழ் படிக்கிறதில்ல."

லோகன் சிரிக்கவில்லை. மதிப்பீட்டுத் தாளை இழுத்தார். எழுதி நீட்டினார்.

'என் நிரூபணம் தவறு. இது சரி. அச்சிடலாம். படங்களை மாற்ற வேண்டாம். தேற்றம் இனி ரென்னி பெயரில் வழங்கட்டும்.'

நனைந்த பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது.

"உங்க பேரை நீங்களே அடிச்சிட்டீங்களே. பதக்கம் போயிடும் புரொபசர். அந்தப் பயலுக்கு அப்படி என்ன கடன்பட்டிருக்கீங்க?"

"டீ ஆறுது, குடி."

தலையை ஆட்டிக்கொண்டே மக்ரே படியிறங்கினார். லோகன் கதவைச் சாத்தினார். ஒரு காலணிக் கயிற்றை உருவி, பழக்கமில்லாத இடது கையால் தடுமாறி முடிந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார்.

"உன்னோடது வேறதான், ஐலா."